மூன்றாம் தண்ணீருக்குள் ஏழு படங்கள்

எனக்கு அம்மை போட்டபோது வயது இருபத்திரண்டு. எங்கள் வீட்டில் பத்தாவது தேறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாவது தேறிய முதல் ஆளும் நான், பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான். அம்மை போட்டதில் மட்டும் கடைசி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது. என்னோடு பாகூர்ப் பள்ளியில் படித்தவர்கள் ஆறாவது, ஏழாவதிலேயே ஆளுக்குப் பத்து நாள் லீவு எடுத்து முடித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. அதையும் என் கெட்டிக்காரத்தனத்தின் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் கழுத்தில் ஒரு கொப்புளம். கொசு கடித்திருக்கும் என்று சொறிந்துகொண்டே அம்மாவிடம் காட்டினேன். அம்மா கிட்டே வந்து பார்த்தாள். தொடவில்லை. ஓர் அடி பின்னால் போய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"வந்துட்டியா தாயே" என்றாள்.

அவள் பேசியது என்னிடம் இல்லை என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. முந்தின நாள் இரவுதான், போர்வையை மடிக்காமல் போட்டதற்காக என்னை எருமை என்று கூப்பிட்டிருந்தாள்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல். அம்மை எதனால் வருகிறது, எப்படிப் பரவுகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதை அன்றைக்கே வீட்டில் விளக்கிச் சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ சொன்னா சரிதான் தாயே" என்றாள். அம்மாவிடம் நான் ஜெயித்த முதல் விவாதம் அது. அதிலும் ஜெயித்தது நான் இல்லை.

வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. அடுப்பில் தாளிப்பு நின்றது. சீப்பு, ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் பரணுக்குப் போயின. எங்கள் பக்கத்தில் அம்மை போட்ட ஆளை அம்மனாகவே நடத்துவார்கள். திட்டக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது, முக்கியமாக, கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். கேட்பது அந்த ஆள் இல்லை, உள்ளே இறங்கியிருப்பவள். கொப்புளம் காயத் தொடங்கியதும் அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, வெயிலில் சூடேறிய தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று தண்ணீர். மூன்றாம் தண்ணீரோடு அவள் இறங்கிப் போய்விடுவாள். நான் மறுபடி எருமை.

அதுவரைக்கும் எனக்கு இருந்த அதிகாரம் கொஞ்சநஞ்சமில்லை. முதல் நாள் இளநீர் கேட்டேன், வந்தது. இரண்டாம் நாள் திராட்சை கேட்டேன். அப்பா வேலை முடிந்து தவளக்குப்பம் சந்திப்பில் இறங்கி, நெரிசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே கடை கடையாக ஏறி வாங்கி வந்தார். அப்பா கொத்தனார். அப்போது பிள்ளைச்சாவடியில் ஒரு வீட்டு வேலை. கடற்கரை ஊரிலிருந்து மொபெட்டில் அவ்வளவு தூரம் வந்து, பின்பக்கக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். திராட்சைப் பையை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

"விதை இல்லாததா?" என்று கேட்டேன்.

"விதை இல்லாததுதான் தாயே."

அவ்வளவு பணிவாக அப்பா பேசி நான் கேட்டதில்லை. இன்ஜினியரிடம்கூட.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது திராட்சை இல்லை. அம்மை வருவதற்குச் சில நாட்கள் முன்பு கோயம்புத்தூரில் ஒரு உணவுப்பொருள் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். வீட்டில் சொன்னபோது அப்பா, "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் சைக்கிள் கேட்டபோது பாக்கலாம். பள்ளிச் சுற்றுலாவுக்கும் பாக்கலாம். நாங்கள் எதையும் பார்த்ததில்லை.

இந்த நிலைமையில்தான் மூன்றாம் நாள் மத்தியானம், படுத்துப் படுத்து முதுகு வலிக்க, "டிவியில படம் பாக்கணும்" என்று சும்மா சொன்னேன்.

அம்மா கையில் இருந்த வேப்பிலையோடு அப்படியே நின்றுவிட்டாள். அம்மை இருக்கிற வீட்டில் டிவி போடக் கூடாது, இரைச்சல் ஆகாது என்பது ஒரு விதி. கேட்டதைக் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் தீர்த்தம் கொடுக்க வந்த மாரியம்மன் கோயில் பூசாரியை வாசலிலேயே மடக்கினாள்.

"பொண்ணு படம் பாக்கணுங்குது. நான் இன்னா பண்றது?"

"கேட்டது யாரு? பொண்ணா, ஆத்தாளா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

"இன்னா படம் கேட்டுது?"

"இங்கிலீசு படம். தமிள்ல பேசுவானுங்க. ஆளுங்க பறக்கறது, நெருப்பு வுடறது, அந்த மாரி."

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "பறக்கறதா? அப்ப ஆத்தாதான் கேட்டுருப்பா. சவுண்ட கொறச்சி வெச்சிக் காட்டு."

அம்மா டிவியின் தலையிலும் ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டு, பிளக்கைப் போட்டாள்.

அந்தப் படங்களை என் தோழிகள் இரண்டு பேரோடும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒருத்தி மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். இன்னொருத்தி வில்லியனூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எட்டாவது படிக்கும்போது மூன்று பேரும் கம்பெனிக்காரி வீட்டில் தரையில் உட்கார்ந்து அந்தத் தொடரின் முதல் படத்தைப் பார்த்தோம். மொத்தம் ஏழு படம். பள்ளி முடிகிறவரை ஒவ்வொன்றையும் சேர்ந்தே பார்த்தோம். கடைசி இரண்டு வந்தபோது ஆளுக்கொரு திசையில் இருந்தோம். நான் டவுன் தியேட்டரில் கல்லூரிக்காரர்களோடு. நர்ஸ் ஹாஸ்டலில் கீறல் விழுந்த போனில். கம்பெனிக்காரி நைட் ஷிப்டு முடிந்த காலையில் பாதி தூக்கத்தில். "ஒரு நாளு உக்காந்து எல்லாத்தயும் மறுபடியும் பாக்கணும்டி" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்வோம். ஷிப்டு ஒத்து வராது. இப்போது அம்மன் ஒத்து வர வைத்துவிட்டாள்.

இருவருக்கும் ஏற்கெனவே அம்மை போட்டிருந்தது. ஆறாவதிலேயே அந்தப் பரீட்சையில் தேறியவர்கள். அதனால் மஞ்சள் தண்ணீரில் கால் கழுவிவிட்டு வரலாம் என்று அம்மா அனுமதித்தாள். கம்பெனிக்காரி வாசற்படியில் நின்று பெரிய கும்பிடாகப் போட்டாள்.

"ஆத்தா, உள்ள வரலாமா? இல்ல டோக்கன் போடணுமா?"

"வாடி நாயே."

"பாத்தீங்களா அத்த, சாமி எப்படிப் பேசுதுன்னு."

"சாமி இன்னா சொன்னாலும் வாங்கிக்கடி" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

நர்ஸ் என் கொப்புளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்தது. அம்மை வீட்டில் மாத்திரையா என்று அம்மா முகம் மாறியது. "எனக்கு மாத்திரை வேணும்" என்றேன் நான். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த நாட்டின் பொதுச் சுகாதாரத்தை அம்மன் கையில் கொடுத்துவிட்டால் எவ்வளவோ வேலை சுலபமாகிவிடும் என்று தோன்றியது.

கம்பெனிக்காரி தன் போனை டிவியோடு இணைத்தாள். படம் பார்க்கும் செயலிக்கு மாதச் சந்தா கட்டியவள் அவள்தான் என்பதால் அவள் போன் இல்லாமல் எதுவும் நடக்காது. தினமும் சாயங்காலம் ஒரு படம் என்று திட்டம். மூன்றாம் தண்ணீர் வியாழக்கிழமை என்று பூசாரி குறித்துக் கொடுத்திருந்தார். புதன்கிழமை ஏழாவது படம் முடிந்துவிட வேண்டும்.

எட்டாவதில் பார்த்த படம் வேறு, இப்போது பார்க்கிற படம் வேறு. கதை என்னவோ அதேதான். ஊர் ஊராகப் போய் மனிதர்களின் நிழலைத் திருடுகிற ஒரு வில்லன். நிழல் போன ஆள் அவன் சொன்னதைச் செய்வான். அவனை எதிர்த்து நான்கு பேர்: கோபம் வந்தால் உடம்பெல்லாம் தீயாகிற ஒரு பெண், பாறையை உள்ளங்கையால் உடைக்கிற அண்ணன் தம்பி, அப்புறம் ஒரு கிழவர். கிழவர் மூச்சை அடக்கினால் காலம் நின்றுவிடும். மூச்சை விட்டால் ஓட ஆரம்பித்துவிடும். அன்றைக்கு நாங்கள் வாய் பிளந்து பார்த்த இடங்களிலெல்லாம் இன்றைக்கு ஆளுக்கொரு குற்றம் கண்டுபிடித்தோம்.

"அவனுக்கு வவுத்துல கம்பி குத்தியிருக்குது. அத எவனாச்சும் அப்படியே புடுங்குவானா? ரத்தம் போயே செத்துருவான்" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மாடி மாடியாகத் தாவினான். "தையல் கெடயாது, டி.டி. ஊசி கெடயாது" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கம்பெனிக்காரியின் கவலை வில்லனின் தொழிற்சாலை பற்றியது. மலைக்கு உள்ளே கறுப்பு உடுப்பில் ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள்.

"இவனுங்களுக்கு எத்தினி மணி ஷிப்டு? ராத்திரியும் அதே ஆளு, பகல்லயும் அதே ஆளு. ஓவர்டைம் குடுக்கறானா இவன்?"

"நெழலத் திருடி வெச்சிருக்கான்டி. ஓவர்டைமா கேப்பானுங்க?"

"எங்க சூப்பர்வைசரும் அப்படித்தான். நெழலு மட்டும்தான் பாக்கி, அதயும் எடுத்துக்குவான்."

அம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்ப்பாள். தீப்பெண் தலைமுடி விரிந்து, கண் சிவந்து, இரண்டு கையையும் தூக்கி நின்றபோது அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். "அது நடிக்கறவங்கம்மா" என்றேன். "இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பெண் வரும்போதெல்லாம் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

இதில் உண்மையாகவே பாதிக்கப்பட்டது அப்பாதான். எங்கள் வீட்டில் சீரியல் பைத்தியம் அம்மா இல்லை, அப்பா. வேலை முடிந்து வந்தால் ஆறரையிலிருந்து வரிசையாக மூன்று சீரியல் பார்ப்பார். மாமியார் மருமகளுக்கு விஷம் வைத்தால் மறுநாள் சாந்து பூசும்போதும் அதே நினைப்பில் இருப்பார். இப்போது ஆறரைக்குக் குளித்துவிட்டு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, "ஆத்தா படம் முடிஞ்சிதா?" என்று அம்மாவிடம் கேட்பார். என்னிடம் நேரடியாகக் கேட்க மாட்டார்.

"இல்ல, இன்னும் சண்ட நடக்குது" என்பாள் அம்மா.

முதல் இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் நிலைப்படியில் உட்கார்ந்தார். நான்காம் நாள், "அந்தக் கெழவன் யாரு?" என்று கேட்டார்.

கிழவரின் கதையை நர்ஸ் சொன்னாள். அப்பா கவனமாகக் கேட்டார். மறுநாள் வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடிகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார். முகம் சிவந்து கண் பிதுங்கியதைப் பார்த்த சித்தாள் ஒருத்தி மாரடைப்பு என்று நினைத்து ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் கொட்டிவிட்டாள். இதை அவரே வந்து சொன்னார். "அவுரு எம்மாம் நேரம் அடக்குறாரு. நம்மால முடியல" என்றார். அன்றிலிருந்து கிழவர் 'அவுரு' ஆகிவிட்டார்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். படம் முடிந்து பெயர் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடுவார். எழுந்த கையோடு லைட்டைப் போடுவார். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். ஆனால் இந்தத் தொடரில் பெயரெல்லாம் ஓடி முடிந்தபின் வாலாக ஒரு துண்டுக் காட்சி வரும். அதைப் பார்க்காதவன் படமே பார்க்காதவன் என்பது என் கொள்கை. "யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டேன். அம்மன் உத்தரவு. அப்பா பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்து, புரியாத எழுத்தில் ஓடுகிற நூற்றுக்கணக்கான பெயர்களைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் தெருப் பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அம்மன் வந்திருக்கும் வீட்டு வாசலில் நின்று வேண்டிக்கொள்வதும் உண்டு. மாடு இந்தத் தடவையாவது சினை பிடிக்குமா என்று ஒருத்தி கேட்டாள். பிடிக்கும் என்றேன். கரியமாணிக்கத்திலிருந்து வந்த அத்தை, மஞ்சள் ரேஷன் அட்டையை ஏழைகளுக்கான சிவப்பு அட்டையாக மாற்றிக் கொடுப்பார்களா தாயே என்று கண்கலங்கிக் கேட்டாள். எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும், கூட என்னென்ன சான்றிதழ் வைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். "ஆத்தாளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அது அம்மன் சொன்னதில்லை, நான் சொன்னது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் தண்ணீர் ஊற்றினார்கள். அன்று சாயங்காலம் ஆறாவது படம். அதன் முடிவில் வில்லன் ஒரு நகரத்தையே கவிழ்க்கிறான். மக்கள் தப்பிப்பதற்காகக் கிழவர் மூச்சை அடக்குகிறார். எல்லாரும் ஓடி முடிக்கிறார்கள். அவர் மூச்சை விடவே இல்லை. அப்படியே திரை இருண்டுவிடும்.

"வுட்டாரா, இல்லியா?" என்றார் அப்பா.

எனக்குத் தெரியும். கம்பெனிக்காரிக்கும் நர்ஸுக்கும் தெரியும்.

"நாளைக்கிப் பாத்துக்கலாம்ப்பா" என்றேன். அப்பா சாப்பிடாமல் போய்ப் படுத்தார். தாளிக்காத குழம்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் போனதும் கம்பெனிக்காரி என் பக்கம் நகர்ந்தாள். "கோயம்புத்தூருக்கு இன்னா பதில் சொல்லப் போற?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குது."

"வெள்ளிக்கிழமை நீ யாரு? நாளான்னிக்கித் தண்ணி ஊத்திட்டா முடிஞ்சிது. இப்பவே கேளுடி. உங்கப்பாவால மாட்டேன்னு சொல்ல முடியாது. சாமி குத்தம் ஆயிடும்."

"அப்படிக் கேக்க மாட்டேன்."

"ஏன்? திராட்ச கேட்ட. படம் கேட்ட. பாவம், மனுசன் சீரியல புடுங்கிக்கின."

"அது வேற. இது நான் படிச்சி வாங்கன வேல."

"படிச்சி வாங்கிட்ட. போறதுக்கு ஆத்தாளக் கேளேன். இன்னா கொறஞ்சிடுவ?"

நர்ஸ், "எனக்கு நர்சிங் சேரும்போது அம்ம போட்டுருந்தா நான் கேட்டுருப்பேன்" என்றாள். அவள் வீட்டில் ஒரு வருடம் சண்டை போட்டுத்தான் அனுப்பினார்கள்.

அவர்கள் போனபின் நான் வெகுநேரம் வேப்பிலையில் படுத்து யோசித்தேன். நூறு தடவை மாட்டேன் என்றும் ஒரு தடவை கேட்டால்தான் என்ன என்றும் தோன்றியது. அந்த ஒரு தடவை மற்ற நூறையும்விடச் சத்தமாக இருந்தது.

புதன்கிழமை ஏழாவது படம் போட்டோம். பாதிப் படம் ஓடியிருக்கும். அப்பா உள்ளே வந்தார். வெளுத்த வேட்டி, நெற்றியில் திருநீறு. நிலைப்படியில் உட்காராமல் நேராக என் எதிரே வந்து நின்று கைகூப்பினார். கம்பெனிக்காரி பயந்துபோய்ப் படத்தை நிறுத்தினாள். திரையில் தீப்பெண் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"தாயே" என்றார் அப்பா. "நாளைக்கி நீ எறங்கிப் போயிடுவ. அதுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கறேன். எம் பொண்ணு கோயம்புத்தூரு போவணுங்குது. அனுப்பலாமா வேணாமான்னு எனக்கு ஒண்ணியும் பிரியல. நீ சொல்லு. சொல்ற மாரி செய்யறேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்குக் கொஞ்சம் மேலே, அவள் இருப்பதாக நினைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரி பின்னாலிருந்து என் தொடையைக் கிள்ளினாள். சரியாக ஒரு கொப்புளத்தின் மேல்.

ஒரு சொல்தான். அனுப்பு. வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அனுப்பிவிடுவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் அனுப்பப்போவது என்னை இல்லை. நாளைக்கு அண்டாத் தண்ணீரோடு வழிந்து போகப்போகிறவள் வாங்கிக் கொடுத்த வேலைக்கு நான் போய் நிற்க வேண்டியிருக்கும். வேதியியலில் முதல் வகுப்பு அவள் வாங்கவில்லை. தவளக்குப்பத்தில் மூன்று வருடம் பஸ் படியில் தொங்கியதும் அவள் இல்லை.

"அத ஒம் பொண்ணுகிட்டயே கேளு" என்றேன். "நாளைக்கித் தண்ணி ஊத்தன பொறவு."

என் குரல் ஏன் அப்படிக் கரகரத்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்.

"லூசாடி நீ" என்றாள் கம்பெனிக்காரி. "ஏளு படம் பாத்தமே, எவனாச்சும் சக்திய வெச்சிக்கினு சும்மா நின்னானா?"

"கேக்கச் சொன்னனே."

"அவுரு கேக்க மாட்டாரு. பாக்கலாம்னுதான் சொல்லுவாரு. நீ இங்கயே ஒக்காந்து வேப்பெலய எண்ணிக்கினு இரு." கோபத்தில் போனைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். திரையில் தீப்பெண்ணும் போய்விட்டாள். கூடவே கிழவரும்.

வியாழக்கிழமை காலை மூன்றாம் தண்ணீர். அம்மா மூன்று சொம்பு ஊற்றிக் கும்பிட்டாள். மிச்சத் தண்ணீரை நான் ஊற்றிக்கொண்டு தலையைத் துவட்டுவதற்குள், "எரும, ஈரத் தலையோட எத்தினி நேரம் நிப்ப?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பின்னாலேயே கடுகு வெடிக்கிற சத்தம். அவ்வளவு நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ரசம் தாளிக்கிற வாசனை. சீப்பு பரணிலிருந்து இறங்கியது. நான் மனுஷியாகிவிட்டேன்.

அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. இப்போது கேட்பார் என்று நினைத்தேன். ரசத்தை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார். கேட்கவில்லை. பாயை விரித்துத் தூங்கினார். எழுந்தார், மொபெட்டைத் துடைத்தார், பக்கத்து வீட்டுக்காரரோடு கரும்பு வெட்டு பற்றிப் பேசினார். நான் ஒவ்வொரு தடவையும் அவர் பார்வையில் படுகிற மாதிரி எதையாவது எடுத்துக்கொண்டு குறுக்கே நடந்தேன். அம்மா, "இன்னாத்துக்கு இப்படிச் சுத்திக்கினு கெடக்கற?" என்றாள். கம்பெனிக்காரி சொன்னது சரிதானோ என்று தோன்றியது. ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டியதை நான் வீம்பால் கெடுத்துக்கொண்டேன். நாளை சாயங்காலம் கோயம்புத்தூரில் வேறு யாரோ என் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொள்வாள்.

ஆறரைக்கு அப்பா ரிமோட்டோடு உட்கார்ந்தார். இத்தனை நாளில் மருமகள் வீட்டைவிட்டுப் போய்விட்டிருந்தாள், மாமியாருக்குக் கை விளங்காமல் போயிருந்தது. அப்பா பதறிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். இனி அவர் கேட்கப்போவதில்லை, நான்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்து தொண்டையைச் சரிசெய்தபோது விளம்பரம் வந்தது. அப்பா சத்தத்தைக் குறைத்தார்.

"போவணும்னு நெனைக்கிறியா?" என்றார், டிவியைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாம்ப்பா."

"எங்க தங்குவ?"

"கம்பெனி பக்கத்துலயே லேடீஸ் ஹாஸ்டல் இருக்குதுப்பா. போன்ல பேசிட்டேன்."

"பஸ்ஸு?"

"ராத்திரி ஏறுனா காலையில போயிடலாம்."

சோப்பு விளம்பரம் முடிந்து பெயின்ட் விளம்பரம் வந்தது. பெயின்ட் விளம்பரத்தை அப்பா எப்போதும் தொழில்முறையில் கவனிப்பார். இப்போது கவனிக்கவில்லை.

"ஒடம்புக்கு முடியலன்னா யாரு பாப்பாங்க?"

"அம்மைதான் போட்டுடுச்சே. இனிமே இன்னா வரப் போவுது?"

அப்பா திரும்பினார். பத்து நாளில் முதல் தடவையாக என் தலைக்கு மேலே பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"சரி, போ" என்றார். சீரியல் தொடங்கிவிட்டது. சத்தத்தைக் கூட்டினார்.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆத்தாளே சொன்ன பொறவு இவுரு இன்னா தடுக்கறது" என்றாள். ஆத்தா சொன்னது கேளு என்றுதான், அனுப்பு என்று இல்லை, இந்த வித்தியாசம் முக்கியம் என்று நான் எழுந்து நின்று விளக்கினேன். "சும்மா கெடடி, மருமவ வரா" என்றாள். ஊரில் இன்றுவரை என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியது மாரியம்மன்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் ஆள் ஆளாகத் திருத்திப் பார்க்கிறேன். தலையாட்டுகிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்காரி தானாகவே வந்தாள். கோபம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லவில்லை. "மிச்சப் படத்தப் பாக்கற வரைக்கும் உங்கப்பா என்ன ரோட்டுல பாத்தா வுட மாட்டாரு போலருக்குது. அவுரு மூச்ச வுட்டாரா வுட்டாரான்னு கேட்டுக்கினே இருக்காரு" என்றாள். நர்ஸும் டூட்டி மாற்றிக்கொண்டு வந்தாள். டிவி தலையில் காய்ந்த வேப்பிலைக் கொத்து இன்னும் இருந்தது. அப்பா நிலைப்படியில் இல்லை, எங்களுக்கு முன்னால், நடு வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வில்லன் செத்தான். நிழல்கள் எல்லாம் சொந்தக்காரர்களைத் தேடித் திரும்பி வந்தன. கிழவர் வரவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, முட்டியில் கையை ஊன்றி எழுந்தார். கை லைட் சுவிட்சுக்குப் போனது.

"ஒக்காருப்பா" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். என் தலைக்கு மேலே இல்லை. என் முகத்தில் அம்மைப் பொருக்கு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"அதான் முடிஞ்சிடுச்சே. பேருதான ஓடுது?"

"ஒக்காரு சொல்றேன்."

கம்பெனிக்காரியும் நர்ஸும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஏதோ முணுமுணுத்தார். காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், கரண்டு பில்லை யார் கட்டுவது என்பது மாதிரி ஏதோ. பிறகு மெல்ல உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மேலே போய்க்கொண்டே இருந்த வெள்ளை எழுத்துகளைப் பார்க்கத் தொடங்கினார்.